மூளை ரத்தக்கசிவு நோயாளிக்குக் குறைக்க வேண்டியது திரவத்தை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் மூளை ரத்தக்கசிவு பற்றி வெளியான கேள்வி–பதிலை நான் முதலில் நாளிதழில் படிக்கவில்லை. எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஒரு நோயாளியின் மகன் அந்தப் பக்கத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, பார்வை நேரத்தில் என்னிடம் காட்டியபோதுதான் படித்தேன். "சிஸ்டர், தண்ணியைக் குறைச்சாதான் மூளை வீங்காதுன்னு இதுல போட்டிருக்கே, எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் மூணு பாட்டில் சலைன் ஏறுது?" என்று அவர் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவில் 23 ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றும் நான், அந்தக் கேள்விக்கு அவரிடம் சொன்ன பதிலைத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்தக் கேள்வி–பதிலில் அறுவை சிகிச்சை யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்பது பற்றிச் சொல்லப்பட்டிருந்தவை தெளிவாக இருந்தன. அவற்றில் எனக்குக் குறை ஏதும் இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில், மூளை வீங்காமல் இருப்பதற்காக இந்த நோயாளிகளுக்குச் செலுத்தும் திரவத்தைப் பெருமளவு குறைத்துவிடுவார்கள் என்ற பொருளில் வந்திருந்த வரி, ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பிய கருத்து என்றாலும், இன்று தவறு என்று அறியப்பட்டது. அதை நம்பி நடந்ததால் நோயாளிகள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள்; அப்படி ஒருவர் பாதிக்கப்பட்டதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இந்தக் கருத்து ஏன் இவ்வளவு எளிதாக நம்பத் தோன்றுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மண்டையோடு விரிந்து கொடுக்காத ஒரு பெட்டி. அதற்குள் ஏறக்குறைய 80 சதவீதம் மூளைத் திசு. மீதியில் பாதி ரத்தம், பாதி மூளையைச் சுற்றி ஓடும் தண்டுவடத் திரவம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் மன்றோ 1783-இலும் ஜார்ஜ் கெல்லி 1824-இலும் எடுத்துச் சொன்ன உண்மை இது: இம்மூன்றில் ஒன்று கூடினால் மற்றொன்று இடம் விட்டாக வேண்டும், விட முடியாத நிலை வந்துவிட்டால் உள்ளே அழுத்தம் மளமளவென்று ஏறும். ரத்தம் கசிந்து கட்டியாக உட்கார்ந்துகொண்ட பெட்டிக்குள் மேலும் தண்ணீர் போய்விடக் கூடாது, ஆகவே உடலுக்குள் போகும் தண்ணீரையே குறைத்துவிடுவோம் என்று நினைப்பது இயல்புதான். அணையில் மதகை அடைத்தால் வயலில் வெள்ளம் வராது என்பது போன்ற கணக்கு அது. மூளையின் ரத்தக்குழாய்கள் வாய்க்கால்களைப் போல நடந்துகொள்வதில்லை என்பதில்தான் இந்தக் கணக்குத் தவறிப்போகிறது.

உடலின் மற்றப் பகுதிகளில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் வழியாகத் தண்ணீரும் உப்பும் தாராளமாகக் கடந்துவிடும்; புரதம் மட்டுமே உள்ளே நிற்கும். அதனால் அதிகமாகச் சலைன் ஏற்றினால் கால் வீங்குகிறது, கண்ணிமை தடிக்கிறது. மூளையின் நுண்குழாய்களிலோ செல்கள் ஒன்றோடொன்று இறுகத் தைத்ததுபோல் இணைந்திருப்பதால் உப்புகூட எளிதில் கடக்காது, தண்ணீர் மட்டுமே கடக்கும். ஆகவே மூளைக்குள் தண்ணீர் போவதையும் அங்கிருந்து வெளியேறுவதையும் முடிவு செய்வது உடலுக்குள் எத்தனை லிட்டர் சென்றது என்பதைவிட, ரத்தத்தில் உப்பின் செறிவு எவ்வளவு இருக்கிறது என்பதே. 1919-ஆம் ஆண்டிலேயே லூயிஸ் வீட், பால் மெக்கிபென் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பூனைகளிடம் இதைக் காட்டிவிட்டார்கள்: காய்ச்சி வடித்த உப்பில்லாத நீரை ரத்தத்தில் செலுத்தியபோது மூளை பருத்தது, செறிந்த உப்புக் கரைசலைச் செலுத்தியபோது மூளை சுருங்கியது. இந்தச் சுவரின் இரு பக்கங்களுக்கும் இடையே கரைபொருள் செறிவில் ஒரே ஒரு மில்லிஆஸ்மோல் வேறுபாடு இருந்தாலே அது ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு இணையான விசையுடன் தண்ணீரை இழுக்கும். மண்டையோட்டுக்குள் 22-ஐத் தாண்டினாலே சிகிச்சை தேவை என்று கருதப்படும் அழுத்தத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், ரத்தத்தில் உப்பின் செறிவைக் காட்டும் சோடியம் சில புள்ளிகள் இறங்கும்போது நாங்கள் ஏன் பதறுகிறோம் என்பது விளங்கும்.

திரவத்தைக் குறைத்துவிட்டால் என்ன ஆகும்? மூளையின் வீக்கம் வடியாது. ரத்த ஓட்டத்தில் உள்ள அளவு குறைந்து ரத்த அழுத்தம்தான் இறங்கும். மூளைக்கு ரத்தத்தைத் தள்ளும் விசை என்பது சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து மண்டையோட்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பது. சராசரி அழுத்தம் 85, உள்ளழுத்தம் 20 என்றால் மீதி 65. பெரும்பாலான நோயாளிகளுக்கு 60 முதல் 70 வரை இருக்க வேண்டும் என்பதால் அது போதும். உடல் வறண்டு சராசரி அழுத்தம் 70-க்கு இறங்கிவிட்டால் மீதி 50 மட்டுமே. கசிவினால் ஏற்கெனவே நசுங்கியிருக்கும் மூளைத் திசு அந்த 50-ஐக் கொண்டு பிழைத்திருக்க வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். மூளை ரத்தக்குழாயின் சுவரில் பலூன்போல் புடைத்திருந்த இடம் வெடித்து, மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வுகளுக்கு இடையே ரத்தம் பரவியிருந்தது. வெடித்த இடத்தைக் கிளிப் போட்டு அடைத்துவிட்டார்கள். நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்தார், தன் குழந்தைகளின் பெயரைச் சொன்னார். அதன் பின் சோடியம் இறங்கத் தொடங்கியது: 138, 133, 128. சோடியம் குறைவதென்றால் உடலில் தண்ணீர் கூடிவிட்டது என்று பொருள்கொண்டு, நாளொன்றுக்கு 1 லிட்டருக்கு மேல் எதுவும் போகக் கூடாது என்று குறிப்பு எழுதப்பட்டது. டிரிப்ஸ் குழாயின் உருளையை நகர்த்திச் சொட்டுகளைக் குறைத்தது என் கைதான். ஆனால் சிறுநீர் மணிக்கு 200, 250 மில்லி என்று தெளிந்த நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. அதை நான் ஒவ்வொரு மணிக்கும் பதிவேட்டில் எழுதினேன். எழுதியதைக் கூட்டிப் பார்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை. நள்ளிரவு தாண்டி அவருடைய நாடித்துடிப்பு 110-ஐத் தொட்டது, நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டியது. என் விரல்களைப் பிடிக்கச் சொன்னேன். மாலையில் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தவர் இப்போது இடது கையால் மட்டும் பிடித்தார். வலது கை என் உள்ளங்கையில் அப்படியே கிடந்தது. காலையில் எடுத்த ஸ்கேனில் மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் கிடைக்காமல் சிதைந்த பகுதி கருமையாகத் தெரிந்தது. அவர் உயிர் பிழைத்தார். பேச்சு முழுமையாகத் திரும்பவில்லை.

குறிப்பு எழுதிய மருத்துவர் அலட்சியமானவர் அல்லர். அவர் கற்ற பாடம் அது. ஆனால் அந்தப் பாடம் தவறு என்பதற்கான சான்று அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. நெதர்லாந்தில் நரம்பியல் மருத்துவர் ஈல்கோ வைடிக்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், இதே வகை ரத்தக்கசிவுக்குப் பின் சோடியம் குறைந்த 44 நோயாளிகளில் 26 பேருக்குத் திரவம் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அந்த 26 பேரில் 21 பேருக்கு மூளைத் திசு ரத்தமின்றிச் சிதைந்தது. இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வலது கையின் எடை நினைவுக்கு வருகிறது.

சோடியம் குறைவது இரண்டு வேறு வழிகளில் நடக்கும் என்பதே இங்கே சிக்கல். ஒன்று, சிறுநீரைத் தடுத்து வைக்கும் ஹார்மோன் தேவைக்கு மேல் சுரந்து, உடல் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வது. 1957-இல் ஷ்வார்ட்ஸ், பார்ட்டர் ஆகியோர் விவரித்தது. மற்றொன்று, மூளை பாதிக்கப்பட்டதால் சிறுநீரகம் உப்பைக் கொட்டிவிடுவது, உப்போடு தண்ணீரும் போய்விடுவது. பீட்டர்ஸும் உடனிருந்தோரும் 1950-இல் விவரித்தது. ஆய்வகத் தாளில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: ரத்தத்தில் சோடியம் குறைவு, சிறுநீரில் சோடியம் அதிகம். முதலாவதில் உடலில் திரவம் போதுமான அளவு இருக்கிறது. இரண்டாவதில் உடல் வறண்டுகொண்டிருக்கிறது. வேறுபடுத்திக் காட்டுவது படுக்கையருகில் கிடைக்கும் செய்திகள்தான்: நேற்றைவிட எடை குறைந்ததா, நாடி வேகம் கூடியதா, உள்ளே போனதைவிட வெளியே வந்தது எத்தனை மில்லி அதிகம். சவ்வுகளுக்கு இடையிலான ரத்தக்கசிவில், இரண்டில் எது என்று தெளிவாகத் தெரியாத நிலையிலும் திரவத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பதே இன்றைய நடைமுறை. இழந்த உப்பையும் தண்ணீரையும் ஈடுகட்டுவார்கள், தேவைப்பட்டால் 3 சதவீத உப்புநீர் கொடுப்பார்கள், சிறுநீரகம் உப்பை விடாமல் பிடித்துவைக்க ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரையும் சேர்ப்பார்கள்.

இந்த வகைக் கசிவில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், வெடித்த குழாயை அடைத்த பிறகும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. கசிந்த ரத்தம் மூளையின் அடிப்பகுதியில் தேங்கி நிற்க, அதனோடு உரசிக்கொண்டிருக்கும் ரத்தக்குழாய்கள் ஏறக்குறைய 4-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை இறுகிச் சுருங்கக்கூடும். அதற்காகத்தான் நிமோடிபின் மருந்தை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம் வீதம் 21 நாள்களுக்குக் கொடுக்கிறோம். அந்த மருந்தே ரத்த அழுத்தத்தைச் சற்று இறக்கவும் செய்யும். சுருங்கிய குழாய், இறங்கிய அழுத்தம், அதனோடு வறண்ட உடல் என்று மூன்றும் ஒரே இரவில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்றால் தாராளமாக ஏற்றிவிடலாமா என்று யாரும் பொருள்கொள்ளக் கூடாது. மருத்துவ உலகமே ஒரு காலத்தில் அந்தப் பக்கமும் சாய்ந்தது. ரத்த அழுத்தத்தை ஏற்றுவது, திரவத்தை மிகையாக நிரப்புவது, ரத்தத்தை நீர்க்கச் செய்வது என்ற மூன்றையும் சேர்த்துச் செய்யும் சிகிச்சை பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் லாரா லெனிஹனும் குழுவினரும் 82 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வில், மிகையாகத் திரவம் பெற்றவர்களுக்கும் அளவாகப் பெற்றவர்களுக்கும் மூளையின் ரத்த ஓட்டத்தில் வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. கூடுதலாகக் கொடுத்ததைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. வெளியேற்ற முடியாதது நுரையீரலில் தேங்குகிறது. பெரிய ரத்தக்கசிவின் அதிர்ச்சியில் இதயத் தசையே சில நாள்கள் தளர்ந்துபோவது உண்டு. அப்படிப்பட்டவருக்கு இரண்டு லிட்டர் கூடுதலாகப் போனால் செயற்கைச் சுவாசக் கருவியில் ஆக்சிஜன் அளவை ஏற்றிக்கொண்டே இருக்க நேரிடும், ஆக்சிஜன் குறைவது மூளைக்கு மற்றோர் அடி. 2023-இல் அமெரிக்க இதயச் சங்கமும் பக்கவாதச் சங்கமும் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வதும் வறட்சியும் வேண்டாம், மிகையும் வேண்டாம், சமநிலை காக்கப்பட வேண்டும் என்பதையே.

சமநிலை என்று எழுதுவது எளிது. அதைக் காப்பது மணிக்கு மணி செய்யும் வேலை. சிறுநீர்ப் பையின் மேல்பகுதியில் கோடுகள் அச்சிட்ட ஒரு சிறு பெட்டி இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் குனிந்து கண் மட்டத்தில் அளவைப் பார்த்து எழுதி, பெட்டியைச் சாய்த்துப் பைக்குள் விட வேண்டும். மண்டையிலிருந்து தண்டுவடத் திரவத்தை வெளியேற்றும் குழாய் வைத்திருந்தால் அதில் நாளொன்றுக்கு 200 மில்லிக்கு மேலும் வரலாம். அதுவும் உப்புள்ள திரவம் என்பதால் கணக்கில் சேர வேண்டும். வாந்தி, பேதி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும், காய்ச்சலில் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போவதை மதிப்பிட வேண்டும். உள்ளே போவதில் கண்ணுக்குத் தெரியும் பாட்டில் ஒரு பகுதிதான். மூக்குக் குழாய் வழியாகச் செல்லும் உணவு, ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னும் குழாயைக் கழுவ விடும் தண்ணீர், நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைக் கலந்து விடும் 100 மில்லிப் பைகள் எல்லாம் சேர்ந்தால் சில நோயாளிகளுக்கு அதுவே ஒரு நாளின் தேவையில் பாதியை எட்டிவிடும். மைய ரத்தக்குழாயின் அழுத்தத்தைப் பார்த்துத் திரவத்தை முடிவு செய்த காலம் போய்விட்டது. அந்த ஒற்றை எண் அடிக்கடி தவறாக வழிகாட்டும். இப்போது மருத்துவர்கள் படுக்கையருகிலேயே இதயத்தையும் பெரிய சிரையையும் அல்ட்ராசவுண்டில் பார்த்து, பதிவேட்டுக் கூட்டலோடு சேர்த்து முடிவெடுக்கிறார்கள்.

ஒருமுறை, ஒரு நோயாளிக்குச் சரியாக நார்மல் சலைன்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் இரண்டே நாள்களில் சோடியம் 139-இலிருந்து 131-க்கு இறங்கிவிட்டது. எல்லோரும் ஹார்மோனைச் சந்தேகித்தோம். இரவுப் பணியில் இருந்த ஓர் இளம் செவிலியர் மருந்துத் தட்டைக் கிளறிப் பார்த்து, நாளொன்றுக்கு ஆறு மருந்துகள் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில், அதாவது குளுக்கோஸ் கரைசலில் கலந்து போகின்றன என்று கண்டுபிடித்தார். குழாய் கழுவும் தண்ணீரையும் சேர்த்தால் ஒரு லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீர் உடலுக்குள் சென்றிருந்தது. கலக்கும் திரவத்தைச் சலைனாக மாற்றிய மூன்றாம் நாள் எண் மேலே வந்துவிட்டது. இதைச் செய்ததற்காக அவருக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை, ஆனால் நான் பார்த்த நல்ல செவிலியப் பணிகளில் அதுவும் ஒன்று.

டெக்ஸ்ட்ரோஸ் ஏன் வெறும் தண்ணீர் என்று தங்கள் வாசகர்கள் கேட்கலாம். "குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வரட்டும்" என்று உறவினர்கள் எங்களிடம் கேட்காத வாரம் இல்லை. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஒரு லிட்டரில் 50 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய 170 கலோரி மட்டுமே. பாட்டிலுக்குள் அதன் செறிவு ரத்தத்துக்கு நெருக்கமாகத்தான் இருக்கும். உடலுக்குள் போனதும் சர்க்கரை எரிந்துபோக, எஞ்சுவது உப்பில்லாத தண்ணீர். அது ரத்தத்தை நீர்க்கச் செய்து நேரே மூளைக்குள் நுழையும். சர்க்கரை மிகுவதும் காயப்பட்ட மூளைக்கு நல்லதன்று. ஆகவே ரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்துபோன நேரம் தவிர, இந்த நோயாளிகளுக்கு நாங்கள் குளுக்கோஸ் பாட்டில் போடாமல் இருப்பது சிக்கனமோ அலட்சியமோ அன்று. மற்றோர் உப்புக் கரைசலான ரிங்கர் லாக்டேட் அவ்வளவு தீங்கானது இல்லை, ஆனால் அதில் சோடியம் லிட்டருக்கு 130 மட்டுமே. ரத்தத்தில் இருக்க வேண்டிய 135 முதல் 145 வரை என்ற அளவுக்குக் கீழே. நார்மல் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதாவது சோடியம் 154, குளோரைடும் 154. அதனால்தான் அது இங்கே முதல் இடத்தில் இருக்கிறது.

சலைனுக்கும் குறை உண்டு. அதில் உள்ள குளோரைடு ரத்தத்தில் இருப்பதைவிட மிக அதிகம். பல லிட்டர் போனால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும், சிறுநீரகத்துக்கும் அது உகந்ததன்று. இதற்காக உப்புகளைச் சமன்செய்த கரைசல்கள் வந்தன. ஆனால் 2021-இல் பிரேசிலில் சுமார் 11,000 பேரைக் கொண்டு நடந்த பேசிக்ஸ் ஆய்வில், மொத்தத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாவிட்டாலும், தலைக்காயம் பட்டவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது 90 நாள்களுக்குள் இறந்தவர்கள் சமன்செய்த கரைசல் பெற்றவர்களில் 31.3 சதவீதம், சலைன் பெற்றவர்களில் 21.1 சதவீதம். ஓர் உட்பிரிவின் கணக்கு என்பதால் இதை இறுதி முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் மூளைக் காயத்தில் சலைனைக் கைவிட அவசரப்பட வேண்டாம் என்று நினைக்க இது போதும். ரத்தப் புரதமான ஆல்புமின் பற்றிய செய்தி இன்னும் அழுத்தமானது. விலை கூடிய மருந்து நல்ல மருந்தாகத்தான் இருக்கும் என்று நம்பி அதைக் கேட்டு வாங்கித் தர முன்வரும் குடும்பங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வின் 2007-ஆம் ஆண்டு அறிக்கையில், தலைக்காயம் பட்ட 460 பேரில் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் ஆல்புமின் பெற்றவர்களில் 33.2 சதவீதம், சலைன் பெற்றவர்களில் 20.4 சதவீதம். அது விபத்துக் காயம், தானாக ஏற்படும் கசிவு அன்று என்ற வேறுபாட்டை மறக்கக் கூடாது. ஆனாலும் ஐரோப்பியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 2018-இல், மூளை பாதிக்கப்பட்ட தீவிர சிகிச்சை நோயாளிகளுக்கு உப்புக் கரைசல்களே வழக்கமான திரவமாக இருக்க வேண்டும், ஆல்புமினோ செயற்கைக் கூழ்மங்களோ வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

அப்படியானால் மூளை வீக்கத்தைக் குறைக்க எதுவுமே செய்வதில்லையா? செய்கிறோம். தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்துகிறோம், மானிட்டால் கொடுக்கிறோம், செறிந்த உப்புநீர் கொடுக்கிறோம். 20 சதவீத மானிட்டால் குளிர்ந்தால் பாட்டிலுக்குள் ஊசிபோன்ற படிகங்கள் விழும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, படிகம் இருந்தால் சூடுகாட்டிக் கரைத்து, வடிகட்டியுள்ள குழாயில்தான் விட வேண்டும். அது மூளையிலிருந்து தண்ணீரை ரத்தத்துக்குள் இழுக்கும். பின்னர் சிறுநீரகம் வழியாகப் பெருமளவில் வெளியேற்றிவிடும். அந்த இழப்பை ஈடுகட்டாவிட்டால் மானிட்டால் கொடுத்த நோயாளியே வறண்டுபோவார். 3 சதவீத உப்புநீரில் சோடியம் லிட்டருக்கு 513. அது சிறுநீரை அப்படி இழக்கச் செய்யாமல் செறிவை உயர்த்துகிறது. இரண்டுமே வேலை செய்வது ரத்தத்தின் செறிவை ஏற்றித்தான், உடலைக் காயப்போட்டு அன்று. தங்கள் கட்டுரையில் குழம்பிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்: மூளையிலிருந்து தண்ணீரை எடுப்பதும் உடலிலிருந்து தண்ணீரை எடுப்பதும் ஒன்றாகிவிட்டன.

ஏற்றுவதிலும் நிதானம் வேண்டும். பல நாள்களாகக் குறைந்திருந்த சோடியத்தை ஒரே நாளில் 8 முதல் 10 புள்ளிகளுக்கு மேல் உயர்த்தினால் மூளைத்தண்டின் நரம்புறைகள் சிதையும் ஆபத்து உண்டு. அதனால்தான் 4 அல்லது 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஊசி குத்துகிறீர்களே என்று வருந்தும் உறவினர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது. எதிர்த்திசையிலும் ஆபத்து வரலாம்: மூளையின் அடிப்பகுதி பாதிக்கப்பட்டு, சிறுநீரைத் தடுக்கும் ஹார்மோன் நின்றுபோனால், தண்ணீர்போன்ற சிறுநீர் மணிக்கு 300 மில்லிக்கு மேல் கொட்டி, சோடியம் 150-ஐத் தாண்டிவிடும். அப்போது டெஸ்மோபிரசின் மருந்தும் தண்ணீரும் தேவை. சிறுநீர் மிகுதியாகப் போகிறது என்ற ஒரே காட்சி இரண்டு எதிரெதிரான சிகிச்சைகளைக் கேட்கிறது. பிரித்துச் சொல்வது சோடியம்.

உயர் ரத்த அழுத்தத்தால் மூளைக்குள்ளேயே ஏற்படும் கசிவு சற்று வேறு. அதில் முதல் மணி நேரங்களில் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவருவது முக்கியம். மேல் அழுத்தம் 150-க்கும் 220-க்கும் இடையே இருந்தால் 140 அளவுக்குக் கொண்டுவந்து 130 முதல் 150 வரை வைத்திருக்கலாம் என்று 2022-ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. அதையும் அதற்கான மருந்தால் சீராகச் செய்ய வேண்டுமே தவிர, திரவத்தை நிறுத்தி உடலை வறளவிட்டுச் செய்யக் கூடாது. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குக் கசிவு ஏற்பட்டால் யூரியா வேகமாக இறங்கும்போது மூளை வீங்கக்கூடும் என்பதால், டயாலிசிஸை மெதுவாக நீட்டிச் செய்வார்கள்.

உறவினர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுவே. பாட்டில்களை எண்ணாதீர்கள்; இன்று சோடியம் எவ்வளவு, நேற்று எவ்வளவு, உள்ளே சென்றதற்கும் வெளியே வந்ததற்கும் வேறுபாடு எவ்வளவு என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை எந்த நல்ல மருத்துவரும் செவிலியரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்பவருக்காக ஒருமுறை கூட்டிப் பார்ப்பார்கள், அதுவே நோயாளிக்கு நன்மை. தாகத்தில் உதடு காய்ந்திருப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல் யாரும் அறியாமல் ஒரு மிடறு தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். விழுங்கும் திறன் இல்லாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். ஈரப்பஞ்சால் வாயைத் துடைத்துவிட எங்களிடம் கேளுங்கள், நீங்களே செய்யவும் கற்றுத் தருவோம்.

ஆசிரியர் அவர்களே, அந்த ஒரு வரிக்கான திருத்தத்தை அதே மருத்துவப் பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நரம்பியல் தீவிர சிகிச்சையில் பணியாற்றும் மருத்துவர் ஒருவரிடம் இதுபற்றித் தனிக் கட்டுரை வாங்கி வெளியிட்டால் இன்னும் நல்லது. என்னிடம் கேட்ட அந்த மகனுக்கு, அவர் தந்தையின் பதிவேட்டைத் திறந்து, முந்தைய நாள் உள்ளே போனது 3,100 மில்லி, வெளியே வந்தது 2,950 என்று காட்டினேன். அவர் அந்த இரண்டு எண்களையும் நாளிதழ்ப் பக்கத்தின் ஓரத்திலேயே பேனாவால் குறித்துக்கொண்டு போனார். தங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு வேறு படுக்கைகளின் அருகே நிற்பவர்களுக்கு நாளிதழ் வழியாகத்தான் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்